அம்மாவின் முன்னால் அமர்ந்து உண்டோம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரது கடைசிக் காலத்தை அருகிலிருந்து பார்க்க இயலாத உறவினர்களும் நண்பர்களும் அறிந்துகொள்ளட்டும் என்று மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

அம்மா லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். இளவயதிலேயே பால்வெட்டுக்குப் போனார். அப்பா காலமான பின், அந்த வருமானத்தில்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோரையே முகத்துக்கு நேராகக் கேலி செய்வார். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும் லோபாக்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பக்கவாதம் வந்தபின் பேச்சு குழறலாகத் திரும்பியது. விழுங்கும் திறன் திரும்பவில்லை. ஒரு வாய்த் தண்ணீரும் நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சலானது. முதலில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்ததால், கைக்குத் துணியுறை மாட்டினார்கள். பிறகுதான் மருத்துவர், நீண்ட நாளுக்கு வயிற்றில் நேராகக் குழாய் பொருத்துவதே நல்லது என்றார்.

“வயித்துல ஓட்டை போடணுமா? அம்மா தாங்குவாங்களா?” என்று தம்பி கலங்கினான்.

அம்மா தம் மூக்கைக் காட்டி, “மொதல்ல இத எடுங்கடா” என்றார். அதுவே அவரது சம்மதம்.

குழாய் பொருத்திய மறுநாள் வயிற்றைக் குனிந்து பார்த்தார். “பால் வடிய எத்தன மரத்துக்குத் தகரம் அடிச்சேன்! இப்ப எனக்கே அடிச்சிட்டானுங்க” என்றார். கட்டு மாற்றிக்கொண்டிருந்த தாதி மிஸ்ஸி சிரித்துவிட்டார்.

முதல் வாரத்தில் குழாயைச் சுற்றித் தோல் சிவந்து சீழ் கட்டியது, மருந்தில் ஆறியது. மிஸ்ஸி கற்பித்த ஒழுங்கை நாங்கள் ஒருநாளும் மாற்றவில்லை. கை கழுவுதல், அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்தல், வெதுவெதுப்பான தண்ணீர் விடுதல், பிறகு சத்துப்பால், மறுபடி தண்ணீர். பால் இறங்கிய பிறகும் உடனே படுக்க விடுவதில்லை.

அதோடு நாங்களாகவே இன்னொரு ஒழுங்கையும் வைத்துக்கொண்டோம். உண்ண முடியாதவர் கண்முன்னே உண்பது பாவம் என்று, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். தட்டுச் சத்தம்கூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டோம்.

ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மாவின் தங்கையான சின்னம்மா ஒரு தூக்கில் கூழ் கொண்டுவந்தார். நான் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள், அதை வடிகட்டிக் குழாயில் செலுத்திவிட்டார். மாலையில் குழாய் அடைத்துக்கொண்டது. வெந்நீருக்கும் அது இளகவில்லை. மருத்துவமனையில் பழைய குழாயை உருவிப் புதியது போட்டார்கள். அம்மா வலியில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது காரில் தம்பிக்குக் கோபம் அடங்கவில்லை.

“ஏன் சின்னம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னோம்ல? அதுல பாலும் மருந்தும் மட்டுந்தான் போகணும்னு!”

“ஆத்தா கூழுடா. வடிகட்டித்தான் ஊத்தினேன்.”

பின்னிருக்கையிலிருந்து அம்மா மெல்லச் சொன்னார்: “அவள ஏசாத. நாந்தான் ஊத்தச் சொன்னேன்.”

“ஏம்மா?”

“ஊரே குடிக்குது. நீங்க கதவ சாத்திக்கிட்டு திங்கிறீங்க. மீன் பொரிக்கிற வாசம் எனக்கு வராதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“உங்க முன்னாடி எப்படிம்மா சாப்பிடுறது? பாவம் இல்லையா?”

“ஒளிஞ்சு திங்கிறதுதான்டா பாவம்.”

“இப்ப என்னைய ஏசுலா, பாப்போம்” என்றார் சின்னம்மா தம்பியைப் பார்த்து.

அன்றிரவே அம்மாவின் நாற்காலியை மேசையருகே போட்டோம். பால் பையை ஜன்னல் கம்பியில் மாட்டினோம். எங்களுக்குச் சோறு, அவருக்குப் பால்; ஒரே நேரம். பிறகு விழுங்கும் பயிற்சி தருபவர் சோதித்துப் பார்த்து, சுவைக்காக உணவுச் சாற்றை நாக்கு நுனியில் பஞ்சால் தொட்டு வைக்க மட்டும் அனுமதித்தார். முதல் நாள் என் ரசத்தைத் தொட்டு வைத்தேன். அம்மா கண்ணை மூடித் திறந்தார்.

“புளி தூக்கல். இன்னும் நீ கத்துக்கல.”

கடைசி வாரத்தில் நெஞ்சில் மீண்டும் சளி கட்டியது. வயிறு பாலை ஏற்கவில்லை. ஊற்றியது குழாய் ஓரமாகவே கசிந்தது. பாலை நிறுத்திவிடலாம், உடம்பு இனி அதைக் கேட்காது என்றார் மருத்துவர். அம்மாவைப் பட்டினி போடுகிறோமே என்று நானும் தம்பியும் சோற்றைத் தொடவில்லை. சின்னம்மா சமைத்துத் தட்டுகளைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தார்.

“இங்கயே உக்காந்து சாப்பிடுங்க. அவளுக்கு அதான் வேணும்.”

அழுதுகொண்டே உண்டோம். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா ஈரப் பஞ்சால் அவரது உதட்டை நனைத்தார். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவின் மூச்சு அடங்கியது.

பொறுமையோடு கற்றுத் தந்த மிஸ்ஸிகளுக்கும் மருத்துவர்களுக்கும், அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க ஓடி வந்த அண்டை வீட்டாருக்கும், தோட்டத்து உறவுகளுக்கும், எங்கள் சின்னம்மாவுக்கும் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம்.

இன்று படையல் முடிந்ததும் அம்மாவின் படத்துக்கு எதிரிலேயே பந்தி போடுகிறோம். தயங்காமல் அவர் முன்னால் அமர்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள்.