மகனுக்கும் சேர்த்துப் பேசுகிறவர்

"என் பேரு தர்வின், ஆன்ட்டி! ரெண்டர வயசு!"

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் மின்தூக்கியில் கீச்சுக் குரலில் இப்படிப் பதில் சொல்வது பிள்ளை அல்ல, அப்பா சிவநேசன். பிள்ளை அவர் இடுப்பில் உட்கார்ந்து, மேலே சுற்றும் விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பேர் கேட்ட பக்கத்து வீட்டு மோகனா அக்கா சிரித்துவிட்டு இறங்கிப் போகிறார்.

சிவநேசனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். வீட்டிலும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டுதான் திரிவார். பையனின் முதுகுப்பக்கம் நின்று "தர்வின்!" என்பார். திரும்ப மாட்டான். பிஸ்கட் பொட்டலத்தைக் கசக்கினால் மட்டும் ஓடிவருவான். "பாத்தியா, காது சூப்பரா கேக்குது லா!" என்று மனைவி காமினியிடம் குதிப்பார். அந்தக் குதிப்பில் பாதி பயம்.

எதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் தயார். பையன் பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டு மணிக்கணக்காகச் சக்கரத்தைச் சுழற்றினால், "மெக்கானிக் மவன் இல்லியா!" தண்ணீர் வேண்டுமென்று விரல் நீட்டாமல், அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாய்க்கு இழுத்துப் போனால், "நான் இல்லாம அவனுக்கு ஒண்ணும் ஆவாது." பேச்சு வராததற்கு? "வீட்ல தமிழ், பகல்ல இவனப் பாத்துக்கிற சலேஹா அக்கா வீட்ல மலாய், டிவில இங்கிலீஷ். பிள்ள கொழம்பிட்டான் லா."

அதனால் வீட்டில் தமிழுக்குத் தடை போட்டார். "கம், ஈட் ரைஸ்" என்று அவர் படுத்திய பாட்டில் காமினிக்கே பேச்சு நின்றுபோனது. தர்வின் தன்பாட்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அப்போதும் மனுஷன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை விடவில்லை.

போன வாரம் பையனைச் சோதனைக்குக் கிளினிக் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த தாதி, மிஸ்ஸி ஜெயலெட்சுமி, கேட்டார்: "ஏதாச்சும் புடிச்சிருந்தா, வெரல் நீட்டி ஒங்களுக்குக் காட்டுவானா?"

"காட்டுவான் மிஸ்ஸி!"

"பேர் சொன்னா திரும்புவானா?"

"ஓ, திரும்புவானே!"

காமினிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இப்படியே சொன்னீங்கன்னா எல்லாம் சரின்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் பிள்ளைக்கு யாரு உதவி செய்வா?"

"மூணு மொழி கேட்டுக் கொழம்பிட்டான் மிஸ்ஸி, வேற ஒண்ணுமில்ல லா," என்றார் சிவநேசன்.

"மூணு மொழியால இது வராது அண்ணே," என்றார் மிஸ்ஸி. "ஆட்டிசமா இல்லியான்னு டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். இருந்தா, சின்னதுலயே பயிற்சி ஆரம்பிக்கிறது நல்லது."

சிவநேசன் பையனைத் தூக்கிக் காமினி மடியில் வைத்தார்.

"காட்ட மாட்டான் மிஸ்ஸி. ஒரு நாளும் காட்டுனதில்ல. மீதிய இவங்ககிட்ட கேளுங்க. நான் இருந்தா அவனுக்கும் சேத்து நானே பேசிருவேன்."

எழுந்து வெளியே போய், கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார்.