படுக்கையிலிருந்து நேராகப் படகுக்கு

தலைசுற்றலால் நாள்கணக்கில் படுத்தே கிடந்தேன். சுற்றல் குறைந்தது, முதுகு பிடித்துக்கொண்டது. இனி மெல்ல நடமாடுங்கள் என்றார் டாக்டர்.

இன்று வேலைக்குக் கிளம்பினேன். மட்டாஞ்சேரி படகுத்துறை வரை கூட வந்த கணவர் தயங்கினார்.

"படகு ஆடுமே, மறுபடி சுத்தினா?"

"சுத்தினா கம்பியப் பிடிச்சுக்குவேன். இனி படுக்க மாட்டேன்."

படகு ஊழியர் இருக்கையைக் காட்டினார். "சேச்சி, இவிடெ இரிக்கு."

"உக்காந்தா முதுகு சம்மதிக்காது சேட்டா. நிக்கறேன்."

படகு திரும்பியபோது கரையே சாய்ந்தது. பயத்தில் கம்பியை இறுகப் பற்றினேன். கண்ணை மட்டும் மூடவில்லை. மெல்லக் கரை நிமிர்ந்தது. எர்ணாகுளம் வரை நின்றேதான் போனேன்.

முதுகு இன்னும் வலிக்கிறது. கைவைத்தியம் இருந்தால் சொல்லுங்கள். "நல்லா ரெஸ்ட் எடு" என்று எழுதுபவர்களுக்கு உடனே பிளாக்!