கள்ளப்பணம் பிடிக்கும் திரை

எல்லாரையும் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். காலையிலிருந்து மாலைவரை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் திரையை வரைந்து கொடுப்பது என் தொழில். கைப்பேசி வழியாகக் காசு அனுப்ப உதவும் நிறுவனங்கள், தங்கள் கணக்குகளில் திருடியும் ஏமாற்றியும் சேர்த்த கள்ளப்பணம் புகுந்து வருகிறதா என்று கவனித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். கவனிக்க ஒரு மென்பொருள் வைத்திருப்பார்கள். அது பழசாகிவிட்டால் எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்வார்கள். உங்கள் ஆபீசிலும் ஒரு நாள் திடீரென்று பழகிய பட்டன் இடம் மாறியிருக்கும், யார் இந்த வேலையைப் பார்த்தது என்று பல்லைக் கடித்திருப்பீர்கள். அது என்னைப் போன்ற ஆள்தான். என் கணினியிலும் யாரோ இதையே எனக்குச் செய்கிறார்கள் என்பதால், உங்களோடு சேர்ந்து புலம்ப எனக்கும் உரிமை உண்டு.

என் பெயர் ஐரின். மலேசியாவில் கோல சிலாங்கூரில் வீட்டிலிருந்தே வேலை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஷா ஆலாமில் இருக்கும் ஆபீசுக்குப் போவேன். போன வருஷம் ஓர் இ-வாலட் நிறுவனத்துக்காகச் செய்த வேலையில் நடந்தவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்கும் பிலோமினா அக்கா, வீட்டிலேயே உட்கார்ந்து அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். கள்ளப்பணம், மென்பொருள், திரை என்று எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். அவரும் நடுவில் குறுக்கிடாமல், கப் காலியாகும்வரை தலையாட்டிக் கேட்டார்.

பிறகு சொன்னார்: "போலீசும் இல்ல, பேங்க்கும் இல்ல. சரி, திருடன் மாட்டுனா உனக்குக் கமிஷனாச்சும் உண்டா?"

எல்லாமே சிவப்பு

புதுத் திரை வரைவதற்கு முன்னால், பழைய திரையை வைத்து வேலை செய்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த நிறுவனத்தில் எனக்குக் கிடைத்தவள் கௌசல்யா. எல்லாருக்கும் கௌசி. உலு யாம் ஊர்க்காரி. சந்தேகக் கணக்குகளைச் சரிபார்க்கும் குழுவுக்கு அவள்தான் பொறுப்பு.

அவள் திரையில் ஒவ்வொரு வரியும் சிவப்பாக இருந்தது. ஒருவர் புதுக் கைப்பேசி வாங்கினால் சிவப்பு. வடக்கே சபாக்கில் இருப்பவர் தெற்கே ஜொகூரில் சாப்பிட்டுவிட்டுக் காசு கட்டினால் சிவப்பு. வலது மூலையில் இன்னும் பார்க்காத எச்சரிக்கைகளின் எண்ணிக்கை மின்னிக்கொண்டே இருக்குமாம். இருக்குமாம் என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் கௌசி அந்த மூலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டி வைத்திருந்தாள். எச்சரிக்கை மணியின் சத்தத்தையும் எப்போதோ நிறுத்திவிட்டாள். இவ்வளவு எச்சரிக்கையையும் மூடி வைத்துவிட்டு எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன்.

"எல்லாரும் கத்துற வீட்டுல யாரு கத்துனாலும் திரும்பிப் பாக்க மாட்டோம்லா. அதேதான்" என்றாள்.

முனியாண்டி கும்பல்

அந்த மென்பொருள் எங்கோ வெளிநாட்டில் எழுதப்பட்டது. அங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு. நம் அடையாளக் கார்டிலோ நம் பெயர் இருக்கும், அப்புறம் இன்னாருடைய மகன் அல்லது மகள் என்று அப்பா பெயர் இருக்கும். மென்பொருள் அந்த அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டது. ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் தங்களுக்குள் அடிக்கடி காசு அனுப்பினால், அவர்களைக் கோடு போட்டு இணைத்து, இது ஒரு கும்பல் என்று காட்டும்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஒரு தலைமுறைக்கு முன்னால் ஆண்பிள்ளை பிறந்தால் காவல் சாமியின் பெயரை வைப்பது சாதாரணம். ஆகவே ஒரு முனியாண்டியின் மகன் செல்வம் இன்னொரு முனியாண்டியின் மகள் தேவிக்குக் கல்யாண மொய் அனுப்புவார். இருவரும் ஒருவரையொருவர் அக்கம்பக்கமாக மட்டுமே அறிந்தவர்கள். கணினி மட்டும் விடாமல் கோடு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் திரை முழுக்கச் சிலந்தி வலைபோல ஒரு படம், நடுவில் பெரிய எழுத்தில் முனியாண்டி.

இந்தக் கோளாறைக் காட்டத்தான் அந்தப் படத்தைக் கூட்டத்தில் போட்டேன். நிறுவனத்தின் தலைவர் மிஸ்டர் லிம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கௌசி தண்ணீர் போத்தலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இதுதான்: "இவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தால் என்ன, முனியாண்டியின் கணக்கை ஏன் இன்னும் மூடவில்லை?"

வருஷம் முழுக்கத் திருவிழா

சந்தேகப்பட்ட கணக்கை விடுவிக்கும்போது காரணம் குறிக்க வேண்டும். பழைய மென்பொருளில் இருந்த காரணங்கள் எதுவும் நம் ஊருக்குப் பொருந்தவில்லை. சபாக் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் பொருளாளரின் கணக்கு, திருவிழா நேரத்தில் நின்றுபோனது. பலபேர் ஒரே அளவான சின்னத் தொகையை அனுப்பியதால், பெரிய தொகையைத் துண்டு போட்டு அனுப்புகிறார்கள் என்று கணினி நினைத்துவிட்டது. பந்தல்காரரும் சமையல்காரரும் முன்பணம் கேட்டு நிற்க, மனிதர் தினமும் போன் போட்டார். அவரை விடுவிக்க என்ன காரணம் குறிப்பது என்று குழுவுக்குத் தெரியவில்லை.

எல்லாரும் பேசி, புதுத் திரையில் "வழிபாட்டுத் தல விழா வசூல்" என்று ஒரு காரணம் சேர்த்தோம். அதிகம் தேவைப்படும் என்று பட்டியலில் முதலாவதாக வைத்தேன். கௌசியின் குழுவில் தினேஷ் என்று ஒரு பையன், படு வேகம். அவன் கைக்கு முதலில் தட்டுப்படுவது எதுவோ அதுதான் காரணம். மற்றவர்களும் மெல்ல அவன் வழிக்கு வந்தார்கள்.

சில மாதம் கழித்துத் தணிக்கைக்கு ஓர் அம்மா வந்தார். பொறுமையானவர், குரல் உயராது. பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "உங்கள் வாடிக்கையாளர்களுக்கு வருஷம் முழுக்கத் திருவிழா. கொடுத்து வைத்தவர்கள்."

தங்கும் காசு

திருவிழா என்று விடுவித்த கணக்குகளை எல்லாம் முதலிலிருந்து பார்க்கச் சொன்னார்கள். நான் கௌசி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உண்மையான கோயில் கணக்கு எது, மற்றது எது என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டிலும் பலபேர் சின்னச் சின்னத் தொகையாக அனுப்பியிருந்தார்கள்.

கௌசிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. கோயில் காசு வந்தால் திருவிழாவரை கணக்கில் கிடக்கும். இன்னொரு வகைக் கணக்கிலோ காசு வந்த சில நிமிடத்தில் வேறெங்கோ போய்விடும். திரை, பழசானாலும் புதுசானாலும், யார் அனுப்பினார், எவ்வளவு என்று மட்டும் காட்டியதே தவிர, காசு எவ்வளவு நேரம் தங்கியது என்று காட்டவே இல்லை. அதை ஒரு பட்டையாக வரைந்து ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் வைத்தேன். பட்டை வந்ததும் பார்த்தவுடனே தெரிந்தது. யாரோ ஏமாற்றிப் பறித்த பணம், ஆலைத் தொழிலாளிகள், குடும்பப் பெண்கள் பெயரில் இருந்த கணக்குகள் வழியே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்குகளிலேயே அவர்களுடைய சொந்தச் சம்பளமும் இருந்தது.

அவற்றில் சில, தினேஷ் விடுவித்தவை. அவன் அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. மாலையில் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து நின்று சொன்னான்: "அக்கா, அந்த லிஸ்ட்ல காரணம் எதுவுமே முன்னாலயே வராத மாதிரி செய்யுங்க. தேடி எடுக்கறதா இருந்தாதான் நா யோசிப்பேன்."

பொறுமைக்கு நன்றி

கணக்கு நிறுத்தப்பட்டவரின் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வரும். சந்தேகப்படுகிறோம் என்று அவரிடம் சொல்வது சட்டப்படி குற்றம். உண்மையான திருடன் உஷாராகிவிடுவான். ஆகவே எதையும் சொல்லாமல் ஏதாவது சொல்ல வேண்டும். குழுவில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் என்பதால், அதன் தமிழ் வாசகம் என்னுடையது: "உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது. உங்கள் பொறுமைக்கு நன்றி." எழுதியபோது எனக்குப் பிடித்தே இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்வரிசையில் மகேஸ்வரி இருக்கிறாள். பக்கத்து ஊர் ஜெராமில் மீன் பதனிடும் ஆலையில் வேலை. புருஷன் லோரி ஓட்டுகிறவர், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். ஒரு சாயங்காலம் ஆலைச் சட்டையோடு நேரே என் வீட்டுக்கு வந்து கைப்பேசியை நீட்டினாள். "அக்கா, நீங்க கம்ப்யூட்டர் வேலைதான பாக்குறீங்க. இது என்னன்னு பாருங்க. சம்பளம் பூரா இதுலதான் இருக்கு" என்றாள். திரையில் என் வாசகம்.

உட்கார வைத்துக் கேட்டேன். பகுதி நேர வேலை என்று யாரோ கைப்பேசியில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். கணக்கை மட்டும் கொடுத்தால் போதும், வரும் காசில் உனக்கும் பங்கு என்றிருக்கிறார்கள். இரகசிய எண் முதற்கொண்டு கொடுத்துவிட்டாள். பிள்ளைக்குப் பாலர் பள்ளிச் சட்டை வாங்கத்தான் என்றாள். கௌசிக்குப் போன் போடக் கை போனது; போடவில்லை. கேட்டால் அவளும் சொல்லக்கூடாது, சொன்னால் நானும் கேட்டிருக்கக்கூடாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அறிவிப்பை எழுத்துக்கூட்டி மறுபடியும் படித்தாள்.

"இதுல எதுக்கு நன்றி சொல்றாங்க? நா பொறுமையா இருக்கேன்னு இவங்களுக்கு யாரு சொன்னா?"

எங்கே போவது

கம்பெனிக்குள் எனக்குத் தெரிந்தது எதையும் நான் வெளியே சொல்ல முடியாது. ஆனால் மகேஸ்வரி எனக்குச் சொன்னது அவள் கதை. அதைக் கேட்கும் யாரும் சொல்லக்கூடியதைத்தான் நானும் சொன்னேன்: நீ ஏமாந்திருக்கிறாய், போலீசில் போய் ரிப்போர்ட் கொடு. பிடித்து உள்ளே வைத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்று பயந்தாள். அப்படி நடக்காது என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை. நானும் கூட வருகிறேன் என்றேன். மறுநாள் அவள் லீவு போட்டாள், காரில் கூட்டிப்போனேன்.

ஸ்டேஷனில் போலீஸ் சார்ஜன் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த ஆட்கள் அனுப்பிய செய்திகளைப் பார்த்தார், கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் கணக்கு வழியாகப் போனது வேறு யாரோ பறிகொடுத்த பணம் என்பதை அங்கேதான் அவள் முதல்முறையாகக் கேட்டாள். திரும்பி வரும்போது, "நானும் திருடுனவதானாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகும் சில தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவள் சொன்ன விவரங்கள் உதவின, அவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். ஆலையிலிருந்து சம்பளச் சீட்டு வாங்கிக் கொடுத்த பிறகு அவள் சம்பளத்தை மட்டும் நிறுவனம் விடுவித்தது. அதற்குள் பாலர் பள்ளி திறந்துவிட்டது. பிள்ளை முதல் வாரம் பழைய சட்டையில் போனான்.

அடுத்த கூட்டத்தில் அறிவிப்பை மாற்றவேண்டும் என்று கேட்டேன். நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். ஏன் நிறுத்தினோம் என்று ஒரு வார்த்தை இருக்கக்கூடாது; எங்கே போகவேண்டும், எதைக் கொண்டுவரவேண்டும் என்பதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதில் தவறில்லை என்றார். நன்றியை எடுத்துவிட்டு, கூப்பிட வேண்டிய எண்ணையும், சம்பளச் சீட்டைக் காட்டி விண்ணப்பிக்கலாம் என்பதையும், கணக்கை வேறு யாரிடமும் கொடுத்திருந்தால் போலீசில் ரிப்போர்ட் செய்யலாம் என்பதையும் எழுதினேன். நிறுவனத்துக்கு அனுப்புமுன் மகேஸ்வரியைக் கூப்பிட்டு மடிக்கணினியில் காட்டினேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இப்ப புரியுது. ஆனா எழுத்தப் பெருசா போடுங்கக்கா, அழுதுகிட்டே படிக்கறவங்களுக்குத் தெரியணும்ல" என்றாள்.

திருடனிடமும் எதுவும் சொல்லக்கூடாது, ஏமாந்தவரிடமும் எதுவும் சொல்லக்கூடாது, அதை இருவருக்கும் பிழையில்லாத தமிழில், இப்போது கொஞ்சம் பெரிய எழுத்தில் சொல்வதற்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது.