எதிர்வீட்டில் தங்கிவிட்ட பம்பு

காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு எதிர்வீட்டு மாமி எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவள் கையில் ஒரு சிறிய காக்கிப் பை இருந்தது.

"பரஸ்தானம் வச்ச பை எங்காத்துலயே இருக்கே. கொழந்தேள் இன்னும் கிளம்பலையா?" என்றாள்.

குழந்தைகள் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. இருவரும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருத்தி அவளுடைய வகுப்புத் தோழி, பாலக்கரையில் மாதா கோயிலுக்கு அருகே வீடு, பள்ளியில் என் மாணவியாக இருந்தவள். இரண்டு சைக்கிள்களில் ஸ்ரீரங்கத்திலிருந்து நார்த்தாமலைக்குப் போய், குன்றின் மேல் இருக்கும் பழைய கற்கோயிலைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன் திரும்புவதாக ஏற்பாடு. பையில் காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், ஸ்பானர், நான் கைப்பட வரைந்த வழி ஆகியவை இருந்தன.

பரஸ்தானம் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், முந்தின தினம் நல்ல நேரம் பார்த்துப் பயணச் சாமான்களில் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று வியாழக்கிழமை, தெற்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. நார்த்தாமலை தெற்கே இருக்கிறது. கல்லூரிக்கும் என் பள்ளிக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது அந்த ஒரு வியாழன்தான். ஆகவே புதன்கிழமை மாலை அந்தக் காக்கிப் பையை எதிர்வீட்டில் வைத்தேன். தயிர்சாதத்தை முதல் நாளே வைக்க முடியாது. வேறு எதுவும் கட்டி முடிந்திருக்கவில்லை.

வியாழன் விடியற்காலையில் கையில் ஒரு பட்டியலோடு வாசலில் நின்றேன். தண்ணீர், தயிர்சாதம், எலுமிச்சம்பழம், தலைக்குத் துண்டு என்று ஒவ்வொன்றாகப் படிக்க, அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். பையை மட்டும் முதல் நாள் மாலையே பட்டியலில் அடித்துவிட்டிருந்தேன். அதுதான் ஏற்கெனவே கிளம்பிவிட்டதே. எதிர்வீட்டு மாமி பெருமாளின் அதிகாலை விஸ்வரூபம் சேவிக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். அந்த வீட்டுக் கதவு பூட்டியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

நான் பூகோளம் கற்பிக்கிறவள். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் என் மகள் சித்திரை வீதியில் சைக்கிள் பழகிய நாளிலிருந்து அவளுக்கு வழி போட்டுக் கொடுப்பவள் நான்தான். பள்ளியில் ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்று வரைந்த பழைய சர்வே வரைபடங்கள் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு லாரி வராத, பஸ் வராத, கள்ளுக்கடை இல்லாத பாதைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன். காவிரிக் கரையோடு வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஜீயபுரம் வரை ஒரு வழி. வடக்கே திருவெள்ளறைக்கு வயல்வரப்பை ஒட்டிய வண்டிப்பாதையில் ஒரு வழி. இரண்டிலும் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. தோழியின் அப்பாவும், "டீச்சர் போட்ட வழின்னா சரியாத்தான் இருக்கும்" என்று அனுமதி கொடுத்திருந்தார்.

நார்த்தாமலைக்கு நேராகப் புதுக்கோட்டைச் சாலையிலேயே போகலாம். அதில் பஸ்ஸும் லாரியும் ஓடும் என்பதால் மாத்தூரில் அவர்களை அந்தச் சாலையிலிருந்து மேற்கே திருப்பிவிட்டேன். அங்கிருந்து குன்றுகளை ஒட்டி, இரண்டு கண்மாய்க் கரைகளின் மேல் ஏறி இறங்கி, ஊருக்குப் பின்பக்கமாகப் போய்ச் சேரும் வண்டிப்பாதை. வரைபடத்தில் குன்றுகள் பழுப்புக் கோடுகளாக அழகாக இருந்தன. கருவேல முள் வரைந்திருக்கவில்லை. அந்தப் பாதையில் சைக்கிள் கடை கிடையாது என்பதையும் நான் அறிவேன். கடை இருந்தால் ஆள்நடமாட்டம் இருக்கும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பையை என் கணவரிடம் காட்டினேன். அவர் ஆபீசுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"காத்து போனாத்தானே பம்பு வேணும்" என்றார்.

"போயிட்டா?"

"தள்ளிண்டு வருவா."

"வழி எழுதின காகிதமும் இதுல இருக்கு."

"கேட்டுண்டு போவா. ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு."

கேட்பதற்கு ஆள் இல்லாத வழியாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் புடவையை மாற்றிக்கொண்டு, பையோடு டவுன் பஸ் ஏறி, ஜங்ஷனில் புதுக்கோட்டை பஸ் பிடித்தேன். கண்டக்டர், என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பம்பைப் பார்த்துவிட்டு, "லக்கேஜ் எங்கேம்மா, மேலயா?" என்றார். சைக்கிள் இல்லை என்றேன். சந்தேகத்தோடு கூரையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

நார்த்தாமலை விலக்கில் இறங்கி ஒரு மைலுக்கு மேல் நடந்தேன். ஊருக்குள் போகும்போது மணி பதினொன்றரை. என் கணக்குப்படி அவர்கள் பத்து மணிக்கே வந்திருக்க வேண்டும். அடிகுழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் விசாரித்தேன்.

"பொம்பளப் புள்ளைகளா? சைக்கிள்லயா?" என்று அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "அப்படி வந்திருந்தா ஊரே சொல்லியிருக்குமே. யாரும் வரலீங்க."

நான் ஊரைத் தாண்டி, பின்பக்கத்துப் பாதை கண்மாய்க் கரையில் ஏறும் இடத்துக்குப் போனேன். வரைபடத்தில் அங்கே ஒரே பாதை. நேரில் மூன்று இருந்தன. ஒன்று கரை மேல், ஒன்று கரைக்குக் கீழே, ஒன்று பாறைக்கும் புதருக்கும் நடுவில். எதில் இறங்கித் தேடினாலும் அவர்கள் மற்ற இரண்டில் ஒன்றில் வந்து என்னைக் கடந்துவிடலாம். ஆகவே மூன்றும் சேரும் இடத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழ் பம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதிரே மொட்டைப் பாறைக் குன்று. அதன் மேல் அந்தக் கற்கோயில் சிறியதாகத் தெரிந்தது. ஆயிரம் வருஷத்துக் கோயில் என்பார்கள். அன்று நாலரை மணி நேரம் அதற்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தேன். அது எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பன்னிரண்டரைக்கு ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பம்பைப் பார்த்து நின்றார். முன் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் ஊருக்குள் சொல்லியிருக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் அதற்கென்றே வந்தார்கள். ஒன்றரை மணிக்குக் கோழி வியாபாரி ஒருவர் வந்தார். கேரியரில் பெரிய கூடை, அதற்குள் கோழிகள்.

"பின் வீல்ல காத்து எறங்கிப்போச்சும்மா. கொஞ்சம் அடிச்சுக்கிறேன்" என்றவர், பாதி அடித்துவிட்டு நிமிர்ந்தார். "கடை புதுசா போட்டிருக்கீகளா?"

"கடை இல்லை. நான் டீச்சர்."

"சைக்கிள் எங்கே?"

"எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கோழிகளும் பேசாமல் இருந்தன. பிறகு மீதிக் காற்றையும் அடித்து முடித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பெண்கள், இரண்டு சைக்கிள், ஒருத்தி பச்சைத் தாவணி.

"எந்தக் கிறுக்கன் இந்த வழியில அனுப்புனான்?" என்றார். "வண்டிக்காரனே இதுல வரமாட்டான். ஒரே முள்ளு. அந்தப் பக்கம் பாழுங்கெணறு வேற, கைப்பிடிச் சுவரு கெடையாது."

அவர் அந்தப் பக்கந்தான் போவதாகவும், பார்த்தால் சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் பாறைப் பாதையில் போனார்.

அதற்குப் பிறகு யாரும் காற்றடிக்க வரவில்லை. கிணறுகள் வரைபடத்தில் நீலப் புள்ளிகளாக இருக்கும். அந்தத் தாளில் எத்தனை நீலப் புள்ளிகள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஏழு வரை எண்ண முடிந்தது. தோழியின் அப்பாவிடம் போய் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியத்தை மனதுக்குள் தயார் செய்தேன். இலக்கணப் பிழை இல்லாமல் வந்தது. முழுதாகச் சொல்லிப் பார்க்க முடியவில்லை. இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னமும் வகுப்பில் வரைபடத்தைச் சுவரில் மாட்டினால் முதலில் என் கண்கள் தேடுவது நீலப் புள்ளிகளைத்தான்.

நான்கு மணிக்குப் பாறைப் பாதையில் ஒரு சைக்கிள் வந்தது. அதில் வந்தவள் என் மகள் அல்ல. தோழி மட்டும் தனியாக வந்தாள். நான் அவளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தேன்.

"டீச்சர்" என்று இறங்கினாள். முழங்கையில் முள் கிழித்த கோடு. "கோழிக்காரர் சொன்னார், பம்பு வச்சுக்கிட்டு ஒரு டீச்சரம்மா உக்காந்திருக்காங்கன்னு. நாங்க நம்பல."

"அவ எங்கேடி?"

"பின்னாடி தள்ளிக்கிட்டு வர்றா டீச்சர். மாத்தூர் தாண்டினதுமே அவ வண்டி பஞ்சர். நடந்தே வந்தோம். வழி தப்பி ஒரு குவாரிக்குப் போயிட்டோம், திரும்பி வர ரெண்டு மணி நேரமாச்சு. தயிர்சாதம் நல்லா இருந்துச்சு."

நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. வலிப்பதாக அவள் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் புதரைத் தாண்டிப் பச்சைத் தாவணி தெரிந்தது. என் மகள் சைக்கிளை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன் டயர் சப்பையாக இருந்தது. பாதம் முழுக்கச் செம்மண். மரத்தடிக்கு வந்து, ஸ்டாண்டு போட்டு, என் மடியில் இருந்த பம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்குத் தெற்கே சூலமாச்சேம்மா" என்றாள். "நீ எப்படிக் கிளம்பினே?"