கவிழ்த்து வைத்த தாள்

எங்கள் கடையில் கெட்டுப்போன தாளைக் கவிழ்த்து வைப்பது பழக்கம். எழுத்துள்ள பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. ஜெராக்ஸ் மெஷினுக்கு வலது கையோரம் ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். கசங்கியது, மங்கியது, கோணலாக வந்தது எல்லாம் அதற்குள் போகும். பெட்டி நிறையப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். நிறைந்ததும் பக்கத்து டீக்கடை அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போவார். அதில்தான் வடை மடித்துக் கொடுப்பார். அதற்குப் பதிலாக எனக்குக் காலையிலும் சாயங்காலமும் டீ. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்த ஏற்பாடு அது.

கடை, பல்கலைக்கழகத்தின் மெயின் கேட்டுக்கு எதிரே. நான் பத்தாவது பெயில். கேட்டுக்கு உள்ளே என் அக்கா எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்தாள். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிப்போம். இறங்கியதும் அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போவாள், நான் இந்தப் பக்கம். அம்மா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால் எனக்குத் தலை பின்னிவிட்டு, சோறு கட்டிக் கொடுத்ததெல்லாம் அவள்தான். அவள் படிப்பதை நான் படிப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய புராஜெக்டுக்கு வழிகாட்டி ஒரு சார். அவரைப் பற்றி அவள் நேராக எதுவும் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும்போது துண்டு துண்டாகச் சொல்வாள். சித்தன்னவாசல் பக்கம் செடி சேகரிக்கப் போகும் லிஸ்டில் பையன்கள் பெயரை மட்டும் போட்டாராம். பொண்ணுங்க பேர் ஏன் சார் இல்லை என்று கேட்டதற்கு, "பொம்பளப் புள்ளைக்கு வெயில் ஒத்துக்காது. வந்தே தீரணும்னா தனியா வந்து கேளு" என்றாராம். பிறகு ஒரு நாள், நாலு மணிக்கு மேல் லேபுக்கு வரச் சொல்கிறார் என்றாள். அதற்கப்புறம் அவரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். துப்பட்டாவில் நாலு இடத்தில் ஊக்கு குத்திக்கொண்டு போவாள். நான், "எதுக்குக்கா இத்தன ஊக்கு, கடையா வைக்கப் போற" என்று கேலி பேசியிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். கையில் மூன்று தாள், அவளே கையால் எழுதியது.

"ஆறு செட் போடுடி."

"ஆறா? என்னக்கா, கல்யாணப் பத்திரிகையா?"

அவள் சிரிக்கவில்லை. "இந்த மாதிரி வெசயத்த விசாரிக்க உள்ள ஒரு கமிட்டி இருக்கு. அதுக்கு ஆறு காப்பி குடுக்கணுமாம். நீ படிக்காத. ஏம்மேல சத்தியமாப் படிக்கக் கூடாது."

நான் படிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே தாளை மாற்றினேன். அப்போது எங்கள் மெஷினில் டிரம் கீறல் விட்டிருந்தது. எதை எடுத்தாலும் இடது ஓரத்தில் மயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழும். அஞ்சாவது செட்டில் இரண்டாம் பக்கம் உள்ளே சிக்கிக்கொண்டது. கதவைத் திறந்து இழுத்தேன். சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக வந்தது. அதைப் பார்க்காமலே கவிழ்த்துப் பெட்டிக்குள் போட்டேன். கை தன்னால் செய்தது. அவள்மேல் செய்த சத்தியத்தைக் காப்பாற்றத்தான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கிழித்திருப்பேன்.

அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். அவள் ஆறு செட்டையும் எண்ணி, ஸ்டேப்ளர் பின் அடித்து, உள்ளே கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கமிட்டிக்குத் தலைவராக இருந்தது ஒரு மேடம். அன்று பஸ்ஸில் அக்கா ரொம்ப நாளைக்கப்புறம் ஜன்னல் ஓரம் கேட்டு உட்கார்ந்தாள்.

"முழுசாக் கேட்டாங்கடி. நடுவுல ஒரு வார்த்த பேசல. அழுதப்ப தண்ணி எடுத்துக் குடுத்தாங்க. இந்த ரூமுல பேசுனது வெளிய போகாதும்மா, நான் பொறுப்புன்னாங்க."

அதற்கடுத்த வாரம் பெட்டி நிறைந்தது. டீக்கடை அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அது ஞாபகமே இல்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா மதியமே கடைக்கு வந்தாள். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த போட்டோ. ஒரு தாள். அக்காவின் கையெழுத்து. இடது ஓரம் கறுப்புக் கோடு. நடுவில் வட்டமாக எண்ணெய். குறுக்கே மடிப்பு மடிப்பாகக் கசங்கல். அந்தப் பக்கத்தில் அவள் பெயர் இல்லை. ஆனால் எந்த லேப், எத்தனை மணி, சார் என்ன செய்தார், இவள் எப்படிக் கையைத் தட்டிவிட்டாள் என்பதெல்லாம் இருந்தது. அந்தத் துறையில் படிப்பவனுக்குப் பெயரா வேண்டும்.

"பாத்தியாடி. அந்தப் பொம்பள வெளிய விட்டுருச்சு. பொறுப்புன்னு சொன்ன வாயி."

அந்தக் கசங்கலைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எண்ணெயா இருக்கேக்கா."

"தின்னுக்கிட்டே படிச்சிருப்பா."

அவ்வளவுதான். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து எல்லாம் வேகமாக நடந்தது. அந்தப் பொண்ணே போட்டோ எடுத்து அனுப்பி என் மானத்தை வாங்குகிறாள் என்று சார் எழுதிக் கொடுத்தார். கமிட்டியிலிருந்து விஷயம் கசிந்துவிட்டது என்று மேடத்தை எடுத்துவிட்டு வேறு ஒருவரைப் போட்டார்கள். புதிதாக வந்தவர் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒங்களுக்குள்ள முன்னாடி எதுவும் பிரச்சினை உண்டா?" என்பது. அக்கா வீட்டுக்கு வந்து குளித்தாள், ரொம்ப நேரம்.

அங்கே படிக்கும் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வழியாக அந்தப் போட்டோ எங்கள் ஊருக்கும் வந்தது. அப்பா வயலிலிருந்து வந்து கால்கூடக் கழுவாமல் நின்றார்.

"ஒருத்தனும் நேராக் கேக்கல. சிரிக்கிறாய்ங்க. படிக்கப் போன புள்ள வடை மடிக்கிற காயிதத்துல வந்து நிக்கிது."

"தப்புப் பண்ணது நான் இல்லப்பா."

"யாரு இல்லேன்னது? ஊரு பூரா திரியுறது யாரு பேரு, அவம்பேரா ஒம்பேரா?"

வடை மடிக்கிற காயிதம் என்று அப்பா வாயில் வந்ததே, அந்த நிமிஷம் நான் அடுப்படியில் நின்றேன். எண்ணெயைப் பார்த்து ஊரில் சும்மா கேலிக்குச் சொன்ன வார்த்தை அது. யாருக்கும் உண்மை தெரியாது. எனக்குத் தெரியும். கையில் இருந்த கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

புகாரை வாபஸ் வாங்குவதாக அவள் எழுதிக் கொடுத்த கடிதமும் என் கடையில்தான் ஜெராக்ஸ் ஆனது. அப்பா பக்கத்தில் நின்றார். அதை நான் படித்தேன். படிக்காதே என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. ஒரே வரி. "மன ஒப்புதலுடன்" என்று இருந்தது.

அக்கா பரீட்சை எழுதவில்லை. இரண்டு மாதத்தில் அறந்தாங்கிப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அவள் புத்தகங்களை எடுத்துப்போக ஒரு தனிப் பையே கொடுத்துவிட்டார். அவள்தான் கொண்டு போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நான் கூட இருந்தேன். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அந்த ஆள விடு. நாயி கடிக்கத்தான் செய்யும். அந்த மேடம்தாண்டி. தண்ணி குடுத்துப் பேச வச்சு, வித்துருச்சே. அத மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்."

தோல் நகத்துக்குள் ஏறி எரிந்தது. "சொளையா தரவா, பிழிஞ்சு தரவா?" என்று கேட்டேன். மூன்றாம் நாள் அவள் இல்லை.

காரியம் முடிந்து கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்த சார் வந்தார். அவர் எப்போதும் வருவார். வினாத்தாள் எடுக்க வேறு கடை இல்லை. "நாப்பது காப்பி. கோடு விழாமப் பாத்துக்கம்மா." அக்காவுக்கும் எனக்கும் முகஜாடை ஒன்று என்பார்கள். அவர் பார்த்ததே இல்லை போல. டிரம்மை மாற்றியாகிவிட்டது, கோடு விழவில்லை. நாற்பது எடுத்துக் கொடுத்தேன்.

அதே வாரம் மேடமும் வந்தார். அக்கா ஒரு தடவை கேட்டில் காட்டியிருந்த முகம். நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு தாள், முப்பது பிரதி. பாலியல் தொந்தரவு, பெண் என்பதால் பாரபட்சம், எதுவானாலும் புகார் கொடுக்கலாம், ரகசியம் காக்கப்படும் என்று போட்டிருந்தது. கமிட்டியில் இல்லாவிட்டாலும் ஒட்டும் வேலை அவரிடம் இருந்தது போல. நான் எடுத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னேன்.

"மேடம், எங்கக்கா ஒங்ககிட்டப் புகார் குடுத்துச்சு. செத்துப் போச்சு. அந்தத் தாளு ஒங்க கையில இருந்து போகல. இந்தப் பெட்டியில இருந்து போச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டார். எனக்கு அவர் ஆறுதல் சொல்வார் என்று ஒரு ஆசை இருந்தது. சொல்லவில்லை.

"அன்னையில இருந்து நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள போனாப் பேச்சு நின்னுரும். தெரியுமா ஒனக்கு?" என்றார். அதற்கப்புறம்தான், "இறந்துட்டாளா" என்றார். பிறகு, "அந்தாளுகிட்ட இந்த வருஷம் மூணு பொண்ணுங்க புராஜெக்ட் பண்றாங்க."

"நான் என்ன மேடம் செய்யணும்?"

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? எழுதிக் குடு. பாதிக்கப்பட்டவ இல்லாமப் போயிட்டா சொந்தக்காரங்க குடுக்கலாம். எடுப்பாங்களா, குப்பையில போடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. பொய்ச் சமாதானம் சொல்ல மாட்டேன்."

"எனக்கு எழுத வராது மேடம்."

"இப்பப் பேசுனேல்ல. அத எழுது."

நாலு நாள் எழுதினேன். அக்கா பஸ்ஸில் சொன்னது, ஊக்கு, சத்தியம், பெட்டி, எண்ணெய், எல்லாம். அப்பா ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "செத்தவள எதுக்குத் திரும்ப ரோட்டுல நிறுத்துற?" என்றார். "நிறுத்துனது நாந்தான்ப்பா" என்று அன்றைக்கு அவரிடமும் சொன்னேன். அப்பா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

ஆறு பிரதி எடுத்தேன். ஏழாவது ஒன்று எடுக்க எனக்குப் பயம். எண்ணி, மறுபடி எண்ணி, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீஸில் இருந்தவர் மேலாகப் படித்தார்.

"இது வாபஸ் வாங்குன கேசும்மா."

"வாபஸ் வாங்குனது அவ. இது நான் குடுக்குறது."

"நீ இங்க படிக்கிறியா?"

"இல்ல. எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை."

"அப்ப ஒனக்கென்ன வந்துச்சு?"

"அவ ஏங்கூடப் பொறந்தவ."

அவர் தாள்களை எண்ணினார். "ஆறுதான் இருக்கு. ஆறும் உள்ள போயிரும். முத்திர போட்டுத் தர ஒனக்கு ஒண்ணு வேணாமா? நாளைக்குக் குடுக்கவே இல்லேம்பாங்க. ஏழாக் கொண்டா."

கடைக்குத் திரும்பி ஏழாவதை எடுத்தேன். சிக்கவில்லை. ரோட்டைத் தாண்டக் கிளம்பும்போது பக்கத்து டீக்கடையில் அந்த சார் நின்றிருந்தார். வடையை உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். தாள்களைக் கவிழ்க்காமல், எழுத்துப் பக்கம் மேலே தெரிய, அவர் முன்னால்தான் நடந்து போனேன். பழக்கத்தில் டீக்கடை அண்ணன்தான் கூப்பிட்டார்.

"ஏத்தா, காயிதம் தீந்துபோச்சு. பெட்டிய அனுப்பலையே."

"இனிமே வராதுண்ணே."

முத்திரை வாங்கிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.