மேல வந்தாச்சா?

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு ஆகிறது. ஸ்ரீராம்புரம் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அவர் குரலுக்காக இன்னும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

அப்பா பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்திலிருந்து யார் வீடு திரும்பினாலும் அங்கே முதல் கேள்வி, "மேல வந்தாச்சா?" என்பதுதான். "வந்தாச்சு" என்ற பிறகே அடுப்பில் காப்பி ஏறும். பிள்ளைக்காவது பூமிக்கடியில் வேலை வேண்டாமென்று தாத்தா அவரைக் கடற்படைக்கு அனுப்பினார். கிடைத்ததோ ஒரு சின்ன ரோந்துக் கப்பலின் அடித்தளத்து எந்திர அறை. தாத்தாவின் திட்டம் அங்கேயே கவிழ்ந்தது.

வங்கதேசப் போரில் அந்தக் கப்பல் கிழக்குக் கடலைக் காவல் சுற்றியது. அப்பா கடலைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். இரும்புத் தகட்டுக்கு அந்தப்புறம் தண்ணீர் தூக்கத்தில் பேசுவதுபோல் முணுமுணுக்கும் என்பார். ஏணியேறி வருகிறவர்களையெல்லாம் ஊர் வழக்கப்படி கேட்பார். பஞ்சாபி நண்பர் பல்பீர் மாமாவுக்கு மட்டும் பதில் கடைசிவரை வாயில் நுழையவில்லை. கேள்வியையே திருப்பிச் சொல்வார்: "மேல வந்தாச்சா?"

ஒரு பகலில் குண்டு விழுந்து எந்திர அறைக்குள் தண்ணீர் புகுந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள், மாமா வரவில்லை. இரும்பு மூடியை அடைக்கச் சொல்லி உத்தரவு. அப்பா புகைக்குள் குனிந்து, "மேல வந்தாச்சா?" என்று கத்தினார். கீழிருந்து அதே வார்த்தை வந்தது. உன் எதிரொலிதான், மூடு என்றார்கள். அப்பா மூடவில்லை. எதிரொலிக்குப் பஞ்சாபி வாடை இருக்காதே. கையை நீட்டி மாமாவை இழுத்து மேலே போட்டார்.

கடைசி நாட்களில் மருத்துவமனைக் கட்டில் அப்பாவுக்குக் கப்பலாகிவிட்டது. மின்விசிறியின் ஓசையில் எந்திரத்தைக் கேட்டார். வைட்ஃபீல்ட் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து நான் பக்கத்தில் நின்றால், "பல்பீர் இன்னும் கீழதாம்மா இருக்கான், மூடிடாதீங்க" என்பார். மாமாவுக்குத் தகவல் சொன்னோம். லூதியானாவிலிருந்து அவர் ரயில் வருவதற்குள் அப்பா கண்மூடிவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடப்போகும் நேரத்தில் மாமா வந்து சேர்ந்தார். "ருக்கோ, மூடாதே" என்றார். குனிந்து அப்பாவின் காதருகே மெதுவாகக் கேட்டார், "மேல வந்தாச்சா?"

அப்பாவைத் தாங்கிய செவிலியர்களுக்கும், சோறு சமைத்துக் கொடுத்த தெருவினருக்கும், தோள்கொடுத்த உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

பல்பீர் மாமா, அன்று நீங்கள் கேட்டதற்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. அப்பாவுக்காக நான் சொல்கிறேன்.

வந்தாச்சு.