முதல் குழாயில் அவர் ரத்தம்

ஜெயராணி அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் ஆய்வுக்கூடத்து வாட்ச்மேன். காலை ஆறரை மணிக்குக் கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் வண்டிக்காக நின்றவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு. நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: "ஏன் சார், அதுதான் காரணமா இருக்குமோ?" போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் அந்த மனிதரை என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

'அது' எது என்று அக்காவோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எச்.ஐ.வி. என்ற புரளிதான். அதைக் கட்டிக் காத்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு, எனக்கும் உண்டு. இரங்கல் கூட்டத்தில் "அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர்" என்று ஆளாளுக்கு எழுந்து பேசினீர்களே, யாரைப் பற்றிப் பேசினீர்கள்? அக்கா குரலை உயர்த்தினால் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்கும்.

2004இல் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் செல்கள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வது எங்கள் வேலை. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி என்னும் பரிசோதனை மருந்தைக் குழாயில் எடுத்த ரத்தத்தில் விட்டால், அது தனக்கு உரிய செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். மெஷினுக்குள் லேசர் வெளிச்சத்தின் முன்னால் செல்கள் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது, சாயம் ஒட்டியவை மட்டும் மின்னும். மின்னுவதை மெஷின் எண்ணும். பார்க்க வருகிறவர்களிடம் அக்கா இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். "ஓட்டுப் போட்டவன் வெரல்ல மை வைக்கிறோம்ல, அதுமாதிரிதான். மை வெளுத்துப்போச்சுன்னா எத்தினி பேரு ஓட்டுப் போட்டான்னு எப்படிய்யா எண்ணுவ?"

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில் முதல் குழாயில் அவருடைய சொந்த ரத்தம்தான் ஓட வேண்டும். சேலைத் தலைப்பை ஒதுக்கி இடது கையை நீட்டுவார், நான் ஊசி போடுவேன். நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் இன்றைய எண் வந்து நின்றால் மெஷினும் மருந்தும் சரி என்று அர்த்தம். ஒரு கோடு போட்ட நோட்டில் அதைக் குறித்துக்கொள்வார். "எங் கணக்கு ஒழுங்கா வந்தாத்தான் ஊரு ரத்தத்தத் தொடுவேன்" என்பார். எட்டு வருடம் அந்தக் கை ஊசி வாங்கியது.

அதற்கு நடுவில்தான் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலமும் வந்தது. கரண்ட் போகிற நேரம் தெரிந்தால் நம் வீடுகளில் பால் பாக்கெட்டைத் தூக்கி ஃப்ரீசரில் போடுவோம், இல்லையா? எங்கள் பொறுப்பாளர் ஒரு சாயங்காலம் ஆன்டிபாடிப் புட்டிகளை அப்படித்தான் ஃப்ரீசரில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். காலையில் வந்து ஃப்ரிட்ஜில் பழைய தட்டிலேயே எடுத்து வைத்தும்விட்டார். உறையவிட்டால் அந்தச் சாயம் கெட்டுப்போகும். பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது. படிப்பதற்குத்தான் ஆளில்லை.

அன்று அக்காவின் எண் வழக்கத்தில் பாதிகூட வரவில்லை. மறுபடி ஓட்டினார், அதே கதை. "ஃப்ரிட்ஜ யார் தொட்டது?" என்று அவர் போட்ட சத்தத்துக்குப் பொறுப்பாளரே சிரித்துக்கொண்டு வந்தார். "நான்தாம்மா ஃப்ரீசர்ல வச்சேன். கரண்ட் போனாலும் கெடாதுல்ல?" வெளியே முப்பது பேர் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் ஏதோ ஒரு நம்பர் கொடுக்கிறதே, அதைப் போட்டு அனுப்புங்கள் என்றார் அவர்.

"என் உடம்புல நேத்து இருந்ததுல பாதி ஒரே ராத்திரில செத்துப்போச்சா சார்? அப்படின்னா மொதல்ல என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரில சேருங்க."

அந்த ஆள் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "யாரு கண்டா? ஒங்க நம்பர் சரியாத்தான் வந்திருக்கோ என்னவோ."

அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கட்டிடம் முழுக்க அது பரவிவிட்டது. தன் தவறை மூட ஒரு மனிதருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

முடிவுக் காகிதங்களில் அக்கா கையெழுத்துப் போடவில்லை. நேரே வெளியே போய் முப்பது பேருக்கும் முன்னால் நின்றார். "மருந்து எங்க கையில கெட்டுப்போச்சு. தப்பு எங்க மேல. புது மருந்து வந்ததும் நீங்க திரும்ப வரணும்." திட்டு என்றால் அப்படி ஒரு திட்டு. எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். குடிகாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அழுதே விட்டாள். ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவள். அது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வந்தவள். "ஒரு நாள் வேலைய விட்டுட்டு வந்தேம்மா, வெறுங்கையோட அனுப்புறீங்களே" என்றாள்.

"வெறுங்கையோட போ கண்ணு. பொய்க் காயிதத்தோட மட்டும் போவாத" என்றார் அக்கா.

பாதியாகக் குறைந்த எண்ணோடு அவள் வீடு போயிருந்தால்? மாத்திரை தோற்றுவிட்டது என்று நம்பியிருப்பாள். நம்பிக்கை போனவர்கள் மாத்திரையைத் தூக்கிப்போட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். புதுப் புட்டிகள் வந்தபோது அக்காவின் எண் பழைய இடத்துக்கே திரும்பியது. குடிகாட்டுப் பெண்ணின் எண் ஏறியிருந்தது. அந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு அக்கா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வரும்போது கண் சிவந்திருந்தது. அதே வாரம் அவருக்கு மெமோ வந்தது. மருந்தை வீணாக்கினாராம், பொதுமக்களைத் திருப்பி அனுப்பினாராம். ஃப்ரீசரில் வைத்தவருக்கு ஒன்றும் இல்லை. இன்றும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். இரங்கல் கூட்டத்தில் முதல் மாலை போட்டவரும் அவர்தான்.

இப்போது என் முறை. புரளி கிளம்பிய வாரம், நானும் வீட்டிலிருந்து தனி டம்ளர் கொண்டுபோனேன். தினமும் அவருக்கு ஊசி போட்டவன், எண்ணைக் கண்ணால் பார்த்தவன், டீயால் எல்லாம் ஒட்டாது என்று நோயாளிகளுக்குப் பாடம் எடுக்கிறவன். சீ, என்ன ஜென்மம் என்று இன்றும் எனக்கே தோன்றுகிறது. அக்கா அதைப் பார்த்தார். "என்னா தம்பி, புது டம்ளரா? நல்லாப் பளபளன்னு இருக்கு" என்றார். மறுநாள் அது வீட்டிலேயே இருந்தது. ஆனால் அவர் பார்த்தது பார்த்ததுதான்.

ஒரு நாள் மனம் தாங்காமல் கேட்டேன், "அந்த நோட்ட எடுத்து இவுங்க மூஞ்சிலயே காட்டுங்களேன்க்கா."

"காட்டி? எனக்கு இல்லன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கவா? நான் சுத்தம்னு நிரூபிச்சா, வெளியில ஒக்காந்திருக்கிறவங்க எல்லாம் யாருடா?" நோட்டை அவர் யாருக்கும் காட்டவில்லை. அக்கா தனியாகவே டீ குடித்தார்.

திருப்பாதிரிப்புலியூரில் அடக்கம் முடிந்து கிளம்பும்போது, அவருடைய தம்பி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "அக்கா பையில இருந்துச்சு, ஆபீஸ் நோட்டு போலருக்கு" என்றார். மறுநாள் அதோடு வேலைக்குப் போனேன். வாசலிலேயே வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். "சார், கடைசியா கேக்குறேன், அவுங்களுக்கு இருந்துச்சா இல்லியா?"

என் கை பைக்குள் போய்விட்டது. நோட்டைத் தொட்டும்விட்டேன். அப்படியே கையை வெளியே எடுத்தேன்.

"இருந்தா என்னய்யா? அவுங்க கையால டீ குடுத்தா குடிச்சிருக்க மாட்டியா?"

நான் மேலே போய்ச் சட்டைக் கையை மடித்து நீட்டினேன். முதல் குழாயில் இப்போது ஓடுவது என் ரத்தம். அக்காவின் கடைசி வரிக்குக் கீழே, அதே நோட்டில், என் எண்ணை எழுதி வருகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.

எவ்வளவு என்று கேட்காதீர்கள். அவருடையதையும் சொல்ல மாட்டேன், என்னுடையதையும் சொல்ல மாட்டேன்.